கோவிலும் ஒரு முதலாளிதான்

கொஞ்சம் நீளமான பதிவு. கோவில் கமிட்டியில் இருக்கிறவங்க தயவுசெய்து முழுசா படிங்க.

நம்ம மலேசியாவில் கடந்த சில வருஷத்துல தொழிலாளர் சட்டம் நிறைய மாறிடுச்சு. 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியா குறைஞ்சது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாள் ஆச்சு. 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவா ஆள் வச்சிருக்கிற இடத்துக்கு அதே வருஷம் ஆகஸ்ட் 1 முதல். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இ.பி.எஃப். கட்டணும். முதலாளி 2 சதவீதம், தொழிலாளி 2 சதவீதம்.

இதெல்லாம் ஃபேக்டரிக்கும் கடைக்கும்தான், கோவிலுக்கு எதுக்குன்னு நம்மில் பல பேர் நினைக்கிறோம். ஆனா நம்ம கோவில்ல குருக்கள் இருக்காரு, தவில், நாதஸ்வரம் வாசிக்கிறவங்க இருக்காங்க, மடப்பள்ளியில் சமைக்கிறவர் இருக்காரு, கூட்டிக் கழுவுற அம்மா இருக்காங்க. மாசாமாசம் அவங்களுக்குப் பணம் கொடுக்கிறது கோவில். எத்தனை மணிக்கு நடை திறக்கணும், எப்ப சாத்தணும், எப்ப லீவு, எல்லாம் சொல்றது கமிட்டி. அப்போ முதலாளி யாரு?

"நாங்க கொடுக்கிறது சம்பளம் இல்ல, தட்சிணை. ஒப்பந்தம்னு ஒண்ணும் எழுதலையே"ன்னு சிலர் சொல்வாங்க. அதுக்கும் 2023-ல வந்த திருத்தத்திலேயே பதில் இருக்கு. எழுத்து ஒப்பந்தம் இல்லாட்டியும், வேலை நேரத்தை யார் முடிவு பண்றாங்க, யார் சொல்படி வேலை நடக்குது, தொடர்ந்து வர்ற அந்தப் பணம்தான் அவருக்குப் பெரிய வருமானமான்னு பார்ப்பாங்க. ஆமான்னா, அவர் தொழிலாளின்னுதான் எடுத்துக்குவாங்க. அதை இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது நம்ம பொறுப்பு.

இன்னொரு பேச்சு, "அறை கொடுக்கிறோம், மூணு வேளை சாப்பாடு கொடுக்கிறோமே". கொடுக்கிறது நல்லதுதான். ஆனா 1,700 வெள்ளிங்கிறது அடிப்படைச் சம்பளம். அறையையும் சோத்தையும் அதுல கூட்டிக் கணக்குக் காட்ட முடியாது. குறைச்சுக் கொடுத்தா ஒரு தொழிலாளிக்கு 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம் போடலாம். நாலு பேருக்கு எவ்வளவுன்னு பொருளாளர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

தொண்டுக்கும் வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை நாம புரிஞ்சுக்கணும். நாங்க தொண்டர்கள் வெள்ளிக்கிழமை வந்து இலை போடுறோம், பூ கட்டுறோம், தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல்ல நிக்கிறோம். எங்களுக்கு வேற இடத்துல சம்பளம் இருக்கு, இ.பி.எஃப். இருக்கு, சொக்சோ இருக்கு. அந்தத் தைரியத்துலதான் தொண்டு செய்யுறோம். குருக்களுக்குக் கோவிலை விட்டா வேற என்ன இருக்கு? அவரையும் "சாமிக்குச் செய்யுறதுதானே"ன்னு சொல்லி எங்களோட சேர்த்து நிறுத்துறது நியாயமில்ல. புண்ணியம் நமக்கு, செலவு அவருக்கா?

இருபது வருஷம் கோவில்ல இருந்தவர் கை நடுங்க ஆரம்பிச்சு வேலையை விடும்போது, ஒரு பொன்னாடை, ஒரு பழத்தட்டு, ஒரு ஃபோட்டோ. இதை நாம எல்லாருமே பார்த்திருக்கோம். அவர் உள்நாட்டுக்காரர்னா 1,700 வெள்ளி சம்பளத்துக்குக் கோவில் கட்ட வேண்டிய இ.பி.எஃப். 13 சதவீதம், மாசம் 221 வெள்ளி. அதை முறையா கட்டியிருந்தா கடைசி காலத்துல அவர் யார்கிட்டயும் கை நீட்ட வேண்டியதில்ல. ஏணியில ஏறி விளக்கு மாட்டும்போது விழுந்தா சொக்சோ பார்த்துக்கும். கட்டலைன்னா வாட்ஸ்அப் குழுவுல நன்கொடை கேட்டு மெசேஜ்தான் வரும்.

சின்னக் கோவில்களுக்கு இது பாரம்தான், மறுக்கல. எஸ்டேட் கோவில்ல உண்டியல் பணம் கரண்ட் பில்லுக்கே சரியா போகுது. அப்படின்னா முழு நேர ஆள் வேணுமான்னு முதல்ல யோசிங்க. காலையிலும் மாலையிலும் ரெண்டு மணி நேரம் போதும்னா அந்த நேரத்துக்கு மட்டும் ஆள் வைங்க, மணிக்கணக்குக் குறைந்தபட்ச சம்பளப்படி கொடுங்க. முழு நாளும் வேலை வாங்கிட்டு அரை நாள் காசு கொடுக்கிறதுதான் தப்பு. பெரிய கோவில்களுக்குப் பணம் இல்லைன்னு சொல்ல வாய் வராது. திருவிழாவுக்குப் பேனர், பிரமுகருக்கு ஆளுயர மாலை, வாணவேடிக்கை. இதுல பாதியைக் குறைச்சாலே போதும்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துல உறுப்பினர்கள் இந்த அஞ்சு கேள்வியைக் கேளுங்க:

1. சம்பளம் வாங்குற ஒவ்வொருத்தருக்கும் எழுத்துல ஒப்பந்தம் இருக்கா?
2. அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி இருக்கா?
3. இ.பி.எஃப்., சொக்சோ மாசாமாசம் கட்டுறோமா? ரசீது எங்க?
4. வாரத்துல ஒரு நாள் முழு ஓய்வு உண்டா?
5. பொது விடுமுறையில் வேலை வாங்கினா கூடுதல் சம்பளமோ, பேசி முடிச்ச மாற்று விடுமுறையோ கொடுக்கிறோமா?

கேட்டா கோபப்படுவாங்க, பரவாயில்ல. தொழிலாளர் இலாகா வந்து கேட்கிறதுக்கு முன்னாடி நம்ம பிள்ளைகளே கேட்கிறது கோவிலுக்கு மரியாதை. கும்பாபிஷேகத்துக்கு லட்சக்கணக்குல வசூல் பண்ணத் தெரிஞ்ச நமக்கு, தினமும் விளக்கேத்துறவர் சம்பளத்தை ஒழுங்கா கொடுக்கத் தெரியாதா?

உங்க கோவில் குழுவுல பகிருங்க. நல்ல முறையில நடத்துற கோவில்கள் இருந்தா கமென்ட்ல பேரைப் போடுங்க, மத்தவங்க போய்ப் பார்த்துக் கத்துக்கட்டும்.