குரோம்ல ஓடுது மச்சி!

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு வெப்சைட் செய்யற வேலை என் தலையில விழுந்தது. ரெண்டு ராத்திரி, ஏழெட்டு பரோட்டா... சைட் ரெடி! ரிஜிஸ்ட்ரேஷன் முடிய எத்தனை மணி நேரம் பாக்கினு டிக் டிக்னு ஓடுற கடிகாரம் வேற. ஹாஸ்டலே "செம மச்சி"ன்னுச்சு. எல்லோரும் பார்த்தது என் லேப்டாப்ல, என் குரோம்ல!

கடைசித் தேதிக்கு ரெண்டு நாள் இருக்கும்போது ஒரு போன். வேற ஊர் பாலிடெக்னிக் மாணவி.

"அண்ணா, ரிஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சிருச்சா? போஸ்டர்ல வெள்ளிக்கிழமைனு போட்டிருக்கே?"

"ஓப்பன்லதான்மா இருக்கு."

"இல்லண்ணா, 'பதிவு முடிந்தது'னு வருது. நாலு பேர் பேப்பர் ரெடி பண்ணி வெச்சிருக்கோம்..."

இன்ஜினீயர்களின் ஆதிகாலப் பொன்மொழியை எடுத்துவிட்டேன்: "குரோம்ல திறந்து பாருங்க." திறந்தார். அதிலும் அதே. கையில் இருந்தது அவங்க அண்ணனோட பழைய ஐபோன்.

அன்னிக்குத்தான் ஒரு விஷயம் உறைச்சது. ஐபோன்ல இருக்கற குரோம், சட்டை மட்டும்தான் குரோம். உள்ளே ஓடுறது சஃபாரியோட அதே வெப்கிட் இன்ஜின். ஆப்பிள் போட்ட விதி அது. 2024-ல ஐரோப்பிய யூனியன் சட்டத்துக்காக அங்கே தளர்த்தினாங்க. நம்ம ஊர் போனுக்கு அந்தச் சலுகை கிடைக்கலை.

சரி, தப்பு எங்கே? கோட்ல கடைசித் தேதியையும் நேரத்தையும் நடுவுல ஒரு இடைவெளி விட்டு எழுதியிருந்தேன். குரோம் பெரிய மனசு பண்ணிப் புரிஞ்சுக்கிட்டது. பழைய சஃபாரி, 'இது தேதியே இல்லை'னு கைவிரிச்சிடுச்சு. செல்லாத தேதியை வெச்சு 'இன்னும் நேரம் இருக்கா?'னு கேட்டா, ஜாவாஸ்கிரிப்ட் எப்பவும் 'இல்லை'தான் சொல்லும். உடனே என் கோட் ஃபார்மை மறைச்சு, போர்டை மாட்டிடுச்சு!

சஃபாரியைத் திட்ட முடியாது பாஸ். இடைவெளிக்குப் பதிலா ஆங்கில 'டி' எழுத்தைப் போட்டு எழுதறதுதான் ஜாவாஸ்கிரிப்ட் விதிப் புத்தகத்துல இருக்கற முறை. வேற மாதிரி எழுதினா ஏத்துக்கறதும் தள்ளறதும் அந்தந்த பிரவுசர் இஷ்டம். 'டி' போட்டு, கடைசியில நம்ம நேரத்துக்கான கூட்டல் 05:30-ஐயும் சேர்த்தேன். அஞ்சு நிமிஷ வேலை.

பிரவுசிங் சென்டர் நடத்தின மாமாகிட்ட இதைச் சொன்னேன். சிரிச்சார். 2000-களின் தொடக்கத்துல தமிழ் சைட்டுகள் பலதும் ஆளுக்கொரு ஃபான்ட், ஆளுக்கொரு என்கோடிங். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல அழகா தெரியற செய்தி, வேற பிரவுசர்ல ஏதோ லத்தீன் கிறுக்கலா வருமாம். 'எங்க சைட்டைப் பார்க்க எக்ஸ்ப்ளோரர்தான் நல்லது'னு போர்டே வெச்சிருப்பாங்களாம். யூனிகோட் பரவினதும் அந்தத் தலைவலி போச்சு. எக்ஸ்ப்ளோரரையும் 2022 ஜூன்ல மைக்ரோசாஃப்ட் வழியனுப்பிடுச்சு. "இப்ப நீங்க வாயாலயே 'குரோம்ல பாரு'ங்கறீங்க, அவ்ளோதான்"னார் மாமா. சுருக்குனு இருந்துச்சு.

அப்புறம்தான் மொத்தத்தையும் பிரிச்சு மேய்ஞ்சேன். முதல்ல சாதாரண ஹெச்.டி.எம்.எல். ஃபார்ம். ஸ்கிரிப்ட் செத்தாலும் அது திரையில நிக்கும், பட்டனைத் தட்டினா விவரம் போய்ச் சேரும். கடைசித் தேதி தாண்டிடுச்சானு முடிவு பண்றது சர்வர், படிக்கற பிள்ளையோட போன் இல்லை. கடிகாரம் வெறும் அலங்காரம். ஓடினா ஓடட்டும், ஓடலைன்னா காணாமப் போகட்டும். இதை முதல் நாளே செஞ்சிருந்தா, தேதியை நான் எவ்வளவு தப்பா எழுதியிருந்தாலும் யாருக்கும் கதவு மூடியிருக்காது.

அந்த நாலு பேரும் பதிவு பண்ணிட்டாங்க. வந்து பேப்பரும் படிச்சாங்க. ஆனா அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணிக் கேட்கணும்னு தோணுச்சு. 'முடிந்தது'னு பார்த்துட்டு, கேட்காமலே மூடிட்டுப் போனவங்க எத்தனை பேர்? எந்த லாக்லயும் அந்தக் கணக்கு இல்லை. என் ராத்திரித் தூக்கத்துல மட்டும் இருக்கு.

இந்த வருஷமும் சைட் என் தலையிலதான். கோட் எழுதறதுக்கு முன்னாடியே ஹாஸ்டல்ல ரூம் ரூமா கதவைத் தட்டிட்டு இருக்கேன்: "யார்கிட்டடா பழைய ஐபோன் இருக்கு?"