உடுக்குத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா?



வைகாசி பிறந்தால் மட்டக்களப்பு ஊர்களில் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு திறக்கும். சடங்கு நாட்களில் உடுக்கும் சிலம்பும் கூடி ஒலிக்க, அம்மன் பாடல்கள் இரவைத் தாண்டும். அதே நாட்களில் இங்கே ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் நம் பிள்ளைகள் சிலர் பள்ளி வாத்தியக் குழுவின் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு மே 17 தேசிய தின ஊர்வலத்துக்குப் புறப்படுகிறார்கள். வார இறுதியில் மிருதங்க வகுப்பும் உண்டு. மகிழ்ச்சிதான். உடுக்குக்குத்தான் வகுப்பும் இல்லை, அரங்கேற்றமும் இல்லை.

காரணம் இருக்கிறது. உடுக்குப் பாடத்திட்டத்தில் அடங்குவதில்லை. பாடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, கதை எங்கே திரும்புகிறதோ அங்கே அடியும் திரும்புவதைக் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும். கொங்கு நாட்டில் அண்ணன்மார் சுவாமி கதையை உடுக்கடித்துப் பல இரவுகள் பாடுவார்கள். மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் ஒரு பாடகர் பாடிய அந்தப் பாட்டை ஒலிநாடாவில் பதிந்தார். 1992இல் அது சென்னையில் நூலாக வந்தது. ஒருவர் பக்கத்தில் இருந்து பதிந்ததால்தான் அந்தப் பாடகர் பாடிய விதம் இன்றைக்கும் நமக்கு இருக்கிறது.

நாம் வாழும் நோர்வேக்கும் ஒரு மேளக் கதை உண்டு. வடக்கே சாமி என்னும் பழங்குடியினரின் கைமேளத்தைத் திருச்சபையும் அரசும் பேய்த் தொழில் என்று பறித்தன. 1692இல் அந்த மேளத்துக்காகவே ஆண்டர்ஸ் பவுல்சன் என்ற முதியவரை வாட்சேயில் விசாரித்தார்கள். தீர்ப்பு வருமுன் அவர் கொல்லப்பட்டார். மேளம் கோபன்ஹேகனுக்குப் போனது. 2022இல்தான் டென்மார்க் அதைக் கரஸ்யோக்கில் உள்ள சாமி அருங்காட்சியகத்துக்கே உரிமையாகக் கொடுத்தது. உரிமை திரும்பி வர 330 ஆண்டுகள்! தோலில் வரைந்த உருவங்கள் வந்தன. அவர் அடித்த அடி வரவில்லை.

நம் உடுக்கை யாரும் பறிக்கவில்லை. அடிக்கத் தெரிந்த அப்பப்பாவும் அம்மப்பாவும் இங்கேயே, இந்த அடுக்குமாடிகளிலேயே இருக்கக்கூடும். யாரும் கேட்காததால் சும்மா இருக்கிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்து, பாட்டையும் அடியையும் கைப்பேசியில் பதியுங்கள். எந்த ஊர், எந்தக் கோயில், யாரிடம் பழகியது என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் பழைய உடுக்கு இருந்தால் ஹீட்டருக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். குளிர்காலத்து வறண்ட காற்றில் தோல் இறுகி வெடித்துவிடும்.

இன்னொன்று. படம் பிடிக்கும்போது வலக்கை விரல்களை மட்டும் காட்டாதீர்கள். உடுக்கின் இடுப்புக் கயிற்றை இடக்கை அழுத்தி விடும்போதுதான் ஒலி ஏறி இறங்குகிறது. வித்தையில் பாதி அங்கேதான். இரண்டு கையும் தெரிய எடுத்து அனுப்புங்கள். அவர்கள் சொல்லும் கதைகளை, அவர்கள் சம்மதத்தோடு, வரும் இதழ்களில் எழுதுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்