கட்டைவிரல் அளவுகோல் அல்ல

போன மாதம் என் பேரன் இடது காறை எலும்பு முறிந்து வீட்டுக்கு வந்தான். கொல்லிமலைக்குப் போன இடத்தில் நடந்தது. கூட உட்கார்ந்து போன நண்பனுக்குச் சிராய்ப்போடு போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் சொன்ன முதல் வார்த்தை, "டயர் சரியில்ல தாத்தா. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்."

எனக்குக் கோபம் வந்தது. டயர் மேல் அல்ல, அவன் மேல். அவன் மேல் மட்டும் என்றும் சொல்ல முடியாது.

அவன் வைத்திருப்பது இந்தக் காலத்து 'அட்வென்ச்சர்' வண்டி. முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம், கம்பி வைத்த ரிம், டியூப் போட்ட டயர். மண் பாதையில் ஏறுவதற்காகக் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கியிருக்கிறான். காணொளியில் யாரோ அப்படிச் சொன்னார்களாம். மண் பாதை முடிந்தது, தார் ரோடு வந்தது. திரும்ப அடிக்கவில்லை. பின்னால் ஓர் ஆள், இரண்டு பக்கமும் பெட்டி, அதே 18. ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது. டயரோடு டியூப் நகரும். டியூபின் வால்வோ ரிம் துளையில் மாட்டிக்கொண்டு நிற்கும். கடைசியில் வால்வு வேரோடு பிய்ந்தது. காற்று ஒரே நொடியில் போயிற்று. டயரில் ஒரு ஆணி கூட ஏறவில்லை.

இப்போது சொல்லுங்கள், குற்றம் யாருடையது?

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பௌதிக முசே கரும்பலகையில் எழுதிய முதல் சூத்திரம் இன்றும் நினைவிருக்கிறது: அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. அதைச் சொல்லிவிட்டு பாஸ்கல் கதைக்குப் போவார். பாஸ்கல் பிறந்த ஊர் கிளெர்மோன். அவர் கேட்டுக்கொண்டபடி 1648-இல் அவருடைய அக்காள் கணவர் பாதரசக் குழாயோடு அருகிலிருந்த புய் தெ தோம் மலையில் ஏறினார். மேலே போகப் போகப் பாதரசம் இறங்கியது. காற்றுக்கு எடை உண்டு, அதை அளக்கலாம் என்று உலகம் ஒப்புக்கொண்டது. அதே ஊரில்தான் 1889-இல் மிஷ்லேன் சகோதரர்கள் டயர் கம்பெனி தொடங்கினார்கள். காற்றை அளந்து காட்டிய ஊரே காற்றடைத்த டயரையும் உலகத்துக்கு விற்றது. நாமோ டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "இருக்குது சார், போகலாம்" என்கிறோம்.

வண்டியைத் தாங்குவது ரப்பர் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. கணக்கைப் பாருங்கள். வண்டி 200 கிலோ, ஓட்டுபவர் 70, பின்னால் இருப்பவர் 65, மூட்டை 20. மொத்தம் 355 கிலோவில் பின்சக்கரத்துக்கு ஏறக்குறைய 220 வரும். 32 பி.எஸ்.ஐ. என்றால் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் இரண்டேகால் கிலோ. ஆக, தரையைத் தொடும் இடம் நூறு சதுர செ.மீ.க்குப் பக்கம், ஒரு உள்ளங்கை அளவு. 18-க்கு இறக்கினால் அது முக்கால் பங்கு கூடிவிடும். மணலில் அது நல்லது, சக்கரம் புதையாது. தார் ரோட்டில் அதே டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும், சூடேறும், இரண்டு ஓரங்களும் தேயும்.

"டக்கார் பந்தயத்தில் காற்றைக் குறைத்துத்தானே ஓட்டுகிறார்கள்?" என்று பேரன் கேட்டான். நியாயமான கேள்விதான். 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து அந்தப் பந்தயம் முதல்முறை புறப்பட்டது. இன்றைய அட்வென்ச்சர் வண்டிகளின் குலம் கோத்திரம் பெரும்பாலும் அங்கிருந்துதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் டியூபுக்குப் பதில் பஞ்சுபோன்ற நுரை வளையத்தை உள்ளே வைத்து ஓட்டுபவர்கள் உண்டு. மற்றவர்கள் டயர் நகராமல் இருக்க ரிம்மில் பூட்டு வைப்பார்கள். உன் வண்டியில் எந்தப் பூட்டு இருக்கிறது? மணலுக்குக் குறைத்தது தப்பில்லை. மணல் முடிந்த இடத்தில் பம்பை எடுக்காததுதான் தப்பு.

இன்னொரு கட்சி இருக்கிறது. பெட்ரோல் பங்கில் வண்டி எது, ஆள் எத்தனை என்று கேட்காமல் எல்லாவற்றுக்கும் 40 அடிக்கும் கட்சி. அப்படி அடித்தால் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், நடு மட்டும் தேய்ந்து தட்டையாகும். பிறகு வளைவில் சாய்க்கும்போது வண்டி முரண்டு பிடிக்கும். கேட்டால், "டயர்லயே போட்டிருக்கு சார்" என்பார்கள். டயர் ஓரத்தில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்சபட்ச அழுத்தம். உங்கள் வண்டிக்கு வேண்டியது வண்டியோடு வந்த புத்தகத்திலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் இருக்கிறது; தனியாகப் போனால் ஒன்று, ஆளும் சுமையும் ஏறினால் வேறொன்று.

மூன்றாவது கட்சி வெயிலில் ஐம்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு அளப்பவர்கள். சூட்டில் அளவு கூடித்தான் காட்டும். பத்து டிகிரிக்கு ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். "அதிகமா இருக்கு" என்று பிடுங்கிவிட்டால் மறுநாள் காலை குறைந்து நிற்கும். காற்றை அளக்க வேண்டியது வண்டி ஆறியிருக்கும்போது.

இதையெல்லாம் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். சொல்கிறேன். நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தில் ஜீப்புகளின் டயர் பதிவேடு என் மேஜையில்தான் இருந்தது. ஒருமுறை புது டயர்கள் பாதி ஆயுளிலேயே மொட்டையாயின. எங்கள் டிரைவர் அண்ணன் என்னிடம் வந்து, "ஓரத்தைப் பாருங்க சார், ரெண்டு ஓரமும் போயிருக்கு. காத்து பார்க்க மானி வாங்கிக் குடுங்கன்னு மூணு தடவை எழுதிக் குடுத்தேன்" என்றார். அந்த மூன்று காகிதமும் என் கோப்பில்தான் இருந்தன. நான் எழுதிய குறிப்பு: "டயர்கள் தரமற்றவையாகக் காணப்படுகின்றன." மேலதிகாரி கையெழுத்திட்டார். புது டயர் வந்தது. மானி வரவில்லை. பேரன் சொன்ன அதே வாக்கியத்தை அவனுக்கு முன்பே நான் அரசாங்கத் தாளில் எழுதியிருக்கிறேன். அதனால்தான் அவன் மேல் மட்டும் கோபப்பட முடியவில்லை.

தேய்ந்த டயர் பொய் சொல்லாது. ஓரம் தேய்ந்தால் காற்று குறைவு, நடு தேய்ந்தால் காற்று அதிகம் அல்லது நேர்ரோட்டிலேயே ஓடியது. பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டுக்கு வந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது. நம் மோட்டார் வாகன விதிகள் இரண்டு சக்கர வண்டிக்குக் கேட்பது வெறும் 0.8 மி.மீ. ஆழம்தான். அதைக்கூட நாம் கொடுப்பதில்லை. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-வது வாரம் செய்தது. இவ்வளவையும் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். படிக்கத்தான் ஆள் இல்லை.

இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்து வண்டி வாங்குகிறோம். பளபளக்கும் பெட்டி, கூடுதல் விளக்கு, ஆயிரக்கணக்கில் ஜாக்கெட். சில நூறு ரூபாய் காற்றுமானி மட்டும் வீண் செலவு!

பேரனுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கை கட்டோடு இருக்கிறது, வண்டி சும்மா நிற்கிறது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒற்றைக் கையால் அளந்து காலண்டரில் குறித்து வைக்கிறான். போன வாரம் பின்சக்கரத்தில் இரண்டு குறைந்திருந்தது. "ஓட்டவே இல்லையே தாத்தா, எப்படிக் குறையும்?" என்றான். குறையும்டா, டியூப் வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும் என்றேன்.

இதைப் படித்து முடித்ததும் வாசலுக்குப் போய் உங்கள் வண்டி ஸ்டிக்கரில் என்ன எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். நாளைக் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், டயரில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பாருங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.