நடைக்கு ஒரு சிறு பரிசு

“நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லையே டாக்டர்?” இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாகவே விட்டுவிட்ட பலர் என்னிடம் இவ்வாறு கூறியிருக்கிறார்கள். அது பொய்யன்று. மாத்திரை உண்டபோதும் அவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை, விட்டபோதும் தோன்றவில்லை. அவர்களுள் சிலரைப் பின்னர் பக்கவாதத்துடன் அவசரப் பிரிவில் கண்டிருக்கிறேன்.

தலைவலி மாத்திரை சிறிது நேரத்தில் தன் பயனைக் காட்டிவிடும். நீரிழிவுக்காக இன்று நடந்த நடையோ, எச்பிஏ1சி பரிசோதனையில் முழுமையாகத் தெரிய ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். மனம் அவ்வளவு காலம் காத்திராது. ஆகவே, உடல் உடனே தராத மகிழ்ச்சியை நாமே நமக்குச் சிறிதளவு அளித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரித்துவிட்டுச் செய்து பார்க்கட்டும்.

அமெரிக்காவில் கேத்தரின் மில்க்மன் குழுவினர் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். விறுவிறுப்பான ஒலிநூல்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்கலாம் என்ற நிபந்தனை பெற்றவர்கள், தொடக்கத்தில் மற்றவர்களைவிட அடிக்கடி பயிற்சிக்கு வந்தனர். இடையில் விடுமுறை வந்ததும் அந்தப் பலன் தேய்ந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிறகு நம் நோயாளிகளிடம் நான் காண்பதும் இதுவே; விடுமுறை முடிந்ததும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் இயக்கும் ஒருவர், இளையராஜா பாடல்களை நடக்கும்போது மட்டுமே கேட்பது என்று வைத்துக்கொண்டார். மழை நாளில் மொட்டை மாடியில் நடக்கிறார், பாட்டுக்காக. வேறொருவர் இரவில் பாதங்களில் புண் உள்ளதா என்று பார்த்த பிறகே தொலைக்காட்சித் தொடரைப் போடுகிறார்.

பரிசைத் தேர்வதில்தான் பலர் தவறுகிறார்கள். நடந்து முடித்து, ரயில் நிலையத்தருகே இரண்டு வடையும் சர்க்கரை போட்ட தேநீரும் சாப்பிட்டால், அரைமணி நேர நடையில் செலவானது அங்கேயே திரும்பிவிடும். “சர்க்கரை குறைந்துவிட்டதே” என்று பிள்ளைகள் மைசூர்பாகு வாங்கி வருவதும் உண்டு. அன்பினால் வாங்கியது; கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. ஆயினும் அப்பரிசு நோய்க்கே போய்ச் சேரும். அதற்குப் பதில் ஒரு முழம் மல்லிகையோ, புதிய காலணிக்காக உண்டியலில் பத்து ரூபாயோ போதும்.

ஒரு நாள் தவறினால் வீட்டார் ஏச வேண்டாம். லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக 18 முதல் 254 நாட்கள் வரை ஆகலாம் என்று கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் விடுபட்டது பெரிய குறையாக அமையவில்லை.

பராமரிப்பவர்களுக்கும் இது பொருந்தும். பக்கவாதத்தால் படுத்திருக்கும் கணவரைக் கவனித்துக்கொள்ளும் ஒரு அம்மையார், மாலையில் மகன் வந்ததும் இருதயாலீஸ்வரர் கோயில் வரை நடக்கிறார். தரிசனம் முடிந்து பத்து நிமிடம் மண்டபத்தில் அமர்ந்திருப்பாராம். “அந்தப் பத்து நிமிடம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள், டாக்டர்” என்றார்.