வெந்நீர்த் தொட்டியும் ‘காரத்தன்மை’ என்னும் சொல்லும்

பெங்களூரில் தமிழ் பேசும் குடும்பம் ஒன்றின் மொட்டைமாடியில் 1,200 லிட்டர் கொள்ளும் வெந்நீர்த் தொட்டி இருப்பதாக எண்ணிப் பார்க்கலாம். ஆழ்குழாய் நீரின் உப்புப் படிவுக்கு அஞ்சி, அதில் ஆர்.ஓ. நீரை நிரப்பியிருக்கிறார்கள். சோதனைத் தாளை நனைத்தால் பிஎச் 7.4 என்றும், மொத்தக் காரத்தன்மை லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்றும் காட்டுகிறது. பிஎச் 7.2 முதல் 7.8 வரை இருக்கலாம். ஆகவே முதல் எண் சரி. மொத்தக் காரத்தன்மை 80 முதல் 120 வரை இருக்க வேண்டும். இரண்டாம் எண் அதில் பாதியே. வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர், தொட்டியைப் பராமரிக்க வருபவருக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்புகிறார்: “காரத்தன்மை குறைவாக இருக்கிறது. சரிசெய்யவும்.” பராமரிப்பவர் முன் இரண்டு வெள்ளைப் பொடிகள் உள்ளன. ஒன்று ஆப்ப சோடா, மற்றது சலவை சோடா. இரண்டும் காரப் பொருள்களே. எதை எடுப்பது என்பதற்குச் செய்தியில் விடை இல்லை.

ஆப்ப சோடாவில் 80 கிராம் போட்டால் மொத்தக் காரத்தன்மை 40-லிருந்து ஏறத்தாழ 80-க்கு உயரும். பிஎச் சற்றே ஏறி 7.8-க்குள் நின்றுவிடும். அதே 80 கிராம் சலவை சோடாவைப் போட்டால் பிஎச் 9-ஐத் தாண்டிவிடும். சோதனைத் தாளில் குளோரின் அளவு குறையாமல் தெரியும். ஆனால் அந்தக் குளோரின் கிருமியைக் கொல்லும் வேலையைப் பெரும்பாலும் நிறுத்தியிருக்கும். குளோரின் நீரில் இரு வடிவங்களில் இருக்கிறது. கிருமியை விரைந்து கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். அதன் அயனி வடிவம் மிக மெதுவாகவே செயல்படும். பிஎச் 7.5-ஐ ஒட்டி இரண்டும் ஏறக்குறைய சரிபாதியாக இருக்கும். 8-இல் வலிய வடிவம் கால்பங்காகச் சுருங்கும். 9-இல் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் மிஞ்சும். ஒரு சொல்லின் தெளிவின்மை இத்தனை தொலைவு செல்கிறது.

அந்தச் சொல்லே இங்கு விவாதப் பொருள். தமிழ் அறிவியல் நடையில் ‘காரத்தன்மை’ இரண்டு கருத்துகளுக்கு வழங்குகிறது. பிஎச் 7-க்கு மேல் இருக்கும் நிலை ஒன்று. சேர்கின்ற அமிலத்தை ஈடுகட்ட நீரிடம் இருக்கும் கையிருப்பு மற்றொன்று. முன்னது நீரின் இப்போதைய நிலையைச் சொல்வது. பின்னது அந்த நிலை எவ்வளவு எளிதில் குலையும் என்பதைச் சொல்வது. இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிஎச் 7-க்குக் கீழே இறங்கி, அமிலப் பக்கம் சாய்ந்த நீரிலும் கணிசமான மொத்தக் காரத்தன்மை இருக்கக்கூடும். இந்த உண்மையைத் தமிழில் எழுதினால், ‘அமிலத்தன்மையுள்ள நீரில் காரத்தன்மை மிகுதி’ என்றாகிறது. வேதியியல் படித்தவருக்கு இது விளங்கும். மற்றவருக்கு அச்சுப்பிழையாகத் தோன்றும்.

இதைத் தமிழின் குறையாக மட்டும் கொள்வது நியாயமாகாது. ஆங்கிலத்திலும் இவ்விரு கருத்துகளையும் குறிக்கும் சொற்கள் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதே இடத்தில் தடுமாறுகிறார்கள். இந்தியின் ‘க்ஷாரீயதா’வும் இரு பொருளையும் சுமக்கிறது. நீரின் கடினத்தன்மையும் மொத்தக் காரத்தன்மையும் ஒரே கால்சியம் கார்பனேட் கணக்கில் அளக்கப்படுவதால் குழப்பம் மேலும் கூடுகிறது. பேச்சுவழக்கிலோ கடின நீரும் ‘உப்புத் தண்ணீர்’, உவர்நீரும் ‘உப்புத் தண்ணீர்’. இந்தி பேசும் ஊர்களில் அவ்விடத்தை ‘காரா பானி’ நிரப்புகிறது. 1961-இல் இந்திய அரசு அறிவியல் கலைச்சொல் ஆணையத்தை அமைத்த காலம் முதல் கலைச்சொற்கள் குவிந்து வந்திருக்கின்றன. ஆங்கிலச் சொல்லுக்கு ஈடான சொல் கிடைத்துவிட்டதா என்று பார்த்த அளவுக்கு, அச்சொல் பக்கத்துக் கருத்திலிருந்து விலகி நிற்கிறதா என்று பார்க்கப்படவில்லை. மூலமொழியின் குழப்பமும் பெயர்ப்போடு சேர்ந்தே இறங்கிவிட்டது.

ஆறு, ஏரி, குடிநீர் என்று எடுத்துக்காட்டுகள் இருக்க, வெந்நீர்த் தொட்டியை ஏன் சான்றாகக் கொள்ள வேண்டும்? பிழையைப் பொறுக்கும் இடம் அதில் மிகக் குறைவு என்பதே காரணம். குடிநீருக்கான இந்தியத் தரம் பிஎச் 8.5 வரை இடம் தருகிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மையையும் ஏற்கிறது. அந்த நீரைக் குடிக்கலாம். ஆனால் தொட்டியில் ஊற்றிச் சூடேற்றினால் சூடேற்றியின் மேல் சுண்ணாம்பு கட்டும். 1,200 லிட்டரில் நான்கு பேர் இறங்குவது, ஒரு லட்சம் லிட்டர் நீச்சல்குளத்தில் 333 பேர் இறங்குவதற்கு ஒப்பு. வியர்வையும் உடற்பூச்சும் அந்தச் சிறு நீரிலேயே கலக்கின்றன. போதாக்குறைக்குக் காற்றுக் குமிழிகள் நீரிலுள்ள கார்பன் டைஆக்சைடை வெளியேற்றிப் பிஎச்சை ஓயாமல் மேலே தள்ளுகின்றன. மொத்தக் காரத்தன்மை அளவுக்கு மீறினால் இந்த ஏற்றம் இன்னும் வலுக்கும். அதைக் குறைக்க அமிலம் சேர்த்தால் பிஎச்சும் கூடவே விழும். விழுந்த பிஎச்சைத் தூக்க மீண்டும் சோடா தேவையில்லை. காற்றுக் குழாயை ஓடவிட்டாலே போதும். இரண்டு கருத்துகளும் மனத்தில் தனித்தனியே இருப்பவருக்குத்தான் இந்த வழி புலப்படும். அல்லாதவர் அமிலமும் சோடாவும் மாறி மாறிக் கொட்டிக்கொண்டே இருப்பார்.

‘செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருளுக்கு இவ்வளவு கவலையா?’ என்ற கேள்வி எழலாம். 1999-இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில் பரவிய லெஜியோனெல்லா நோயில் குறைந்தது 32 பேர் இறந்தனர். விற்பனைக்காக நீர் நிரப்பி ஓடவிட்டிருந்த ஒரு சுழல்நீர்த் தொட்டியின் நுண்துளிகளே நோயைப் பரப்பின என்று ஆய்வு கண்டது. தொட்டியில் இறங்கிக் குளித்தவர்கள் அல்லர், அருகே நடந்து சென்றவர்கள் இறந்தார்கள். இந்தியாவிலும் தொட்டியின் உரிமையாளர் அதில் இருபது நிமிடம் அமர்கிறார். அமிலப் புட்டியைத் திறந்து நீரின் மேல் குனிபவர் வேறொருவர். சில நேரம் அவர் அசாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர். புட்டியின் மேலுள்ள எழுத்து ஆங்கிலம். ‘குளோரின்’ என்ற ஒரே பெயரில் பிளீச்சிங் பவுடர், ஹைப்போகுளோரைட் நீர்மம், டிரைகுளோர் வில்லை மூன்றும் அவர் கைக்கு வருகின்றன. இவற்றை ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கவோ வெடிக்கவோ கூடும். ஹைப்போகுளோரைட்டோடு அமிலம் சேர்ந்தால் நச்சுவாயு எழும். அவரைப் பொறுத்தவரை சரியான சொல் கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் நிகரான பாதுகாப்புப் பொருள்.

‘சோதனைத் தாளில் நிறம் இருக்கிறதே, சொல் எதற்கு?’ என்பது மற்றொரு மறுப்பு. நிறம் அளவைச் சொல்லும். அடுத்து எதைச் செய்வது என்று சொல்லாது. முதலில் மொத்தக் காரத்தன்மையையும் பிறகு பிஎச்சையும் சரிசெய்ய வேண்டும் என்ற வரிசையைச் சொற்களால்தான் கற்பிக்க முடியும். ‘ஆல்கலினிட்டி என்றே எழுதிவிடலாமே’ என்பாரும் உண்டு. இரண்டு கருத்துகளை ஒன்றாக்கும் தமிழ்ச் சொல்லைவிட, தனித்து நிற்கும் கடன்சொல் மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தக் கடன்சொல் தன் பொருளைத் தானே சொல்லிக்கொள்ளாது. யாராவது விளக்கியாக வேண்டும்.

தமிழில் அதைவிட நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. பிஎச் மாறாமல் காக்கும் கரைசலைத் தமிழ்வழிப் பாடநூல்கள் ‘தாங்கல் கரைசல்’ என்கின்றன. மொத்தக் காரத்தன்மை என்பதும் நீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்ற அளவுதான். ஆகவே அதை ‘அமிலந்தாங்குதிறன்’ என்று வழங்குவது தகும். ‘காரத்தன்மை’ பிஎச் சார்ந்த நிலையை மட்டும் குறிக்கட்டும். சொல் சற்று நீளம்தான்; ஆனால் தன் வரையறையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. இம்மாற்றத்துக்குக் குழுவும் தீர்மானமும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நீர் வேதியியலைத் தமிழில் எழுதும் மாணவர்கள் தங்கள் கட்டுரைகளில் தொடங்கலாம். மொழியியல் துறைகள் அகராதிகளோடு நின்றுவிடாமல், புட்டிகளின் மேல் ஒட்டிய தாள்களையும் பராமரிப்போர் பரிமாறும் கைப்பேசிச் செய்திகளையும் ஆய்வுப் பொருளாக ஏற்கலாம்.

அப்போது பெங்களூர்ச் செய்தி இப்படி அமையும்: “பிஎச் சரி. அமிலந்தாங்குதிறன் குறைவு. ஆப்ப சோடா 80 கிராம் மட்டும்.” பராமரிப்பவர் சலவை சோடாவை எடுக்கமாட்டார்.