கரை நீங்குமுன் ஒரு பந்தி



நெடும்பயணம் ஒன்றின் முதல் நாளை நாம் எத்துணைக் கருத்தோடு ஏற்பாடு செய்கிறோம்! கட்டுச்சோறு, தண்ணீர், குழந்தைக்குப் பால், பெரியவர்க்கு மருந்து என்று ஒவ்வொன்றையும் எண்ணி எடுத்து வைக்கிறோம். ஆனால் திரும்பும் நாள்? அந்நாளை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கையில் காசு குறைந்திருக்கும். உடலில் களைப்பு மிகுந்திருக்கும். வீடு சேர்ந்தால் போதும் என்ற ஒரே நினைவு மனத்தை ஆட்கொண்டிருக்கும். திருத்தலத்தில் பத்து நாள் செபித்துப் பெற்ற அமைதியை, திரும்பும் வழியில் பசியும் பரபரப்பும் பத்தே நிமிடத்தில் பறித்துக்கொண்டு போய்விடுவதும் உண்டு.

இங்கிலாந்தில் வாழும் நம் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் சில, கோடை விடுமுறையில் சொந்த வாகனத்திலேயே லூர்து அன்னையின் திருத்தலம் சென்று திரும்புவதுண்டு. அவர்கள் கடல் கடக்கும் துறைகளுள் ஒன்று, பிரான்சு நாட்டின் நார்மண்டிக் கரையிலுள்ள தியெப். லூர்திலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் வண்டியோட்டி வந்து இங்கே கப்பலேறினால், 4 மணி நேரத்தில் இங்கிலாந்தின் நியூஹேவன் துறையை அடையலாம். அந்த ஊரில், கப்பலேறுமுன் நல்லுணவு தேடும் சிறு காரியத்தைப் பற்றியே இம்மாதம் சிந்திக்கப் போகிறோம். சிறு காரியந்தான், எனினும் இல்லறத்தின் பண்பு பெரும்பாலும் சிறு காரியங்களிலன்றோ வெளிப்படுகிறது!

முன்னாளில் பாரிசிலிருந்து வரும் தொடர்வண்டி தியெப் நகரின் வீதி வழியாகவே ஊர்ந்து வந்து, கப்பலின் அருகில் போய் நிற்கும். பயணி எவரும் ஊரைப் பாராமல் கப்பலேற முடியாது. 1994-ஆம் ஆண்டில் கப்பல் நிலையம் துறைமுகத்தின் வெளிப்புறத்திற்கு மாற்றப்பட்டது. அதன்பின், நெடுஞ்சாலையிலிருந்து நேரே நிலையத்திற்குள் நுழைந்துவிடலாம். வசதிதான். ஆனால் இப்போது பலரும் ஊருக்குள் காலெடுத்து வைக்காமலேயே, வாகன வரிசையில் அமர்ந்தபடி, உறையில் அடைத்த குளிர்ந்த ரொட்டியைத் தின்று பசியாற்றுகின்றனர். நல்லுணவு கிடைக்கும் பழைய துறைமுகக் கரையோ, அவ்விடத்திலிருந்து நடந்தே போகும் தொலைவில்தான் இருக்கிறது.

ஆகவே முதல் அறிவுரை: ஊருக்குள் செல்லுங்கள். இரண்டாவது அறிவுரை: நேரமறிந்து செல்லுங்கள். பிரெஞ்சு மக்கள் மதிய உணவை 12 மணி முதல் 2 மணிக்குள் முடித்துக்கொள்வார்கள். 3 மணிக்குச் சென்று கதவைத் தட்டினால், நல்ல உணவகத்தில் அடுப்பு அணைந்திருக்கும். இரவு உணவு 7 மணிக்குமுன் கிடைப்பதரிது. ஞாயிறு இரவும் திங்களும் பல உணவகங்களுக்கு ஓய்வு நாள். இதை ஆணவம் என்று நினைத்து முகஞ்சுளிப்பவர் உண்டு. சமைப்பவருக்கும் குடும்பம் உண்டு, அவர் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அவ்வழக்கத்தின் நியாயம் நமக்கு விளங்கும்.

நல்ல உணவகத்தை அறிவது எப்படி? ஆறு மொழிகளில் அச்சிட்டு, வண்ணப் படங்கள் ஒட்டி, நூறு பண்டங்களை வரிசைப்படுத்தும் பட்டியலைக் கண்டால் சற்றே தயங்குங்கள். நூறு பண்டங்களை ஒருவர் ஒரே நாளில் புதிதாகச் சமைக்க இயலுமா? வாசலில் கரும்பலகை வைத்து, அன்றைய உணவு இன்னதென்று சுண்ணக்கட்டியால் நாலைந்து வரிகள் எழுதியிருக்கும் கடையை நாடுங்கள். உள்ளூர் முதியவர்களும் வேலையாட்களும் அமர்ந்து உண்ணும் இடமாயின் இன்னும் நன்று. முதலுணவு, முக்கிய உணவு, இனிப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஒரே விலைக்குத் தரும் பகலுணவு, தனித்தனியே கேட்டு வாங்குவதைவிட மலிவு. ரொட்டிக்குத் தனி விலை இல்லை. குழாய் நீரைக் குடுவையில் கேட்டால் இலவசமாகவே தருவார்கள். பரிமாறுவோர்க்குரிய ஊதியமும் விலையிலேயே அடங்கியிருப்பதால், அதற்கென்று தனியே கணக்கிட வேண்டுவதில்லை.

இன்னுமொரு நல்ல சோதனை பருவகாலம். தியெப், விசிறி போல் விரிந்த ஓடுடைய ஒரு பெருஞ்சிப்பிக்குப் பெயர்பெற்ற துறை. பிரெஞ்சு மக்கள் அதனைப் ‘புனித யாகப்பரின் சிப்பி’ என்றே அழைக்கின்றனர். நம் கடற்கரை ஊர்களில் சந்தியாகப்பர் என்று நாம் போற்றும் அதே திருத்தூதர்தாம் அவர். அவருடைய கல்லறைத் திருத்தலமாகிய கொம்பொஸ்தேலாவுக்குச் சென்ற திருப்பயணிகள் அணிந்த அடையாளமே அச்சிப்பி. அக்டோபர் 1 முதல் மே 15 வரை மட்டுமே பிரான்சில் அதைப் பிடிக்கலாம். இக்கடற்பகுதியில் 11 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைக் கடலுக்கே திருப்பிவிட வேண்டும். கடலின் கருவூலத்தை ஒரே தலைமுறையில் கொள்ளையடித்துவிடாதிருக்கவே இவ்விதி. எனவே ஆகஸ்டு மாதத்தில் அச்சிப்பியைப் புதியதென்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். கோடையில் செல்வோர் காணாங்கெளுத்தியையோ, கருநிற மட்டியையோ, நம் நாக்குமீனை ஒத்த ‘சோல்’ மீனையோ கேட்கலாம்.

‘மர்மித் தியெப்வாஸ்’ என்பது அவ்வூரின் பெயரையே தாங்கிய உணவு. ‘மர்மித்’ என்றால் சமைக்கும் பானை. பலவகை மீன்களையும் மட்டியையும் இறாலையும் வெண்ணெய், பாலேடு சேர்த்து மெல்லிய தீயில் வேகவைக்கும் குழம்பு அது. காரத்தில் பழகிய நம் நாவுக்கு முதலில் சப்பென்று தோன்றலாம். இரண்டாம் கரண்டியில் மீனின் சுவை தெரியவரும். நார்மண்டி, பசும்புல் வெளிகளும் ஆப்பிள் தோப்புகளும் நிறைந்த நாடு; ஆதலால் அங்கே எல்லா உணவிலும் பாலேடும் ஆப்பிளும் தலைகாட்டும். ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த ‘சீதர்’ என்னும் பானத்தையும் தருவார்கள். வண்டியோட்டுபவர் அதனைத் தொடாதிருப்பதே குடும்பத்திற்கு அவர் செய்யும் தொண்டு.

அருகிலுள்ள நெஃப்ஷாத்தேல் என்னும் ஊரின் பாலாடைக்கட்டி இதய வடிவில் வரும், பிள்ளைகள் விரும்புவர். அதை வீட்டுக்கு வாங்கிச் செல்லலாமென்று எண்ணுவோர் விதியை முன்னதாகவே கேட்டறிய வேண்டும். கால்நடைகளுக்கு வரும் கோமாரி நோய் பரவாதிருக்க, 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பயணிகள் இறைச்சியும் பால்பொருள்களும் கொண்டுவருவதைப் பிரிட்டன் தடை செய்தது. கட்டிக்கொண்டு போக இயலாததை மேசையில் உண்டு மகிழ்வதே அறிவுடைமை.

உண்டபின் நேரமிருந்தால், கடைத்தெருவின் அருகிலேயே நிற்கும் புனித யாகப்பர் ஆலயத்திற்குள் சென்று ஒரு நொடி மண்டியிடுங்கள். இங்கிலாந்திலிருந்து கொம்பொஸ்தேலாவுக்குப் புறப்பட்ட திருப்பயணிகள் இக்கரையில் இறங்கி, இங்கே செபித்துவிட்டு நடக்கத் தொடங்கினர். ஆலயத்தின் உட்சுவரில் 16-ஆம் நூற்றாண்டுக் கற்சிற்ப வரிசை ஒன்றுண்டு. பிரேசில், ஆப்பிரிக்கா, இந்தியப் பெருங்கடற் கரைகள் ஆகிய நாடுகளின் மக்கள் அதில் செதுக்கப்பட்டுள்ளனர். ழான் ஆங்கோ என்னும் தியெப் வணிகரின் கப்பல்கள் அக்கடல்களையெல்லாம் கண்டு வந்தன. அவருக்காகப் பயணஞ்சென்ற பார்மாந்தியே சகோதரர் இருவரும் 1529-ஆம் ஆண்டில் சுமத்திரா வரை சென்று, அங்கேயே உயிர் நீத்தனர்.

கப்பல் நிலையத்திற்கு மேலே, சுண்ணாம்புக் குன்றின் உச்சியில், சகாய அன்னையின் சிற்றாலயம் ஒன்று கடலை நோக்கி நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட அந்த ஆலயத்தில், கடலில் மாண்ட மீனவர்களுக்கும் மாலுமிகளுக்கும் நினைவுக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. உடல் கரைசேராத தந்தைக்கும் மகனுக்கும் அந்தக் கல்லே கல்லறை. சற்றுமுன் நம் தட்டில் ஆவி பறந்த மீனின் விலை உணவகத்தின் சீட்டில் எழுதிய தொகை மட்டுமன்று என்பதை அக்கற்கள் நமக்கு உணர்த்துகின்றன. நம் கடற்கரைப் பங்குகளில் வாழும் தாய்மார்களுக்கு இதை யாரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை.

இத்துறையிலிருந்து புறப்பட்டு வீடு திரும்பாதவர் எத்தனை பேர்! 1639-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் கன்னியர் சிலர் இங்கே கப்பலேறினர். அவர்களுள் தியெப் நகரின் மருத்துவமனையில் பணியாற்றிய அகுஸ்தினார் சபைக் கன்னியர் மூவரும், பின்னர் 2014-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட உர்சுலா சபையின் மரி அன்னையும் இருந்தனர். மூன்று மாதம் கடலில் அலைந்து அவர்கள் கனடாவின் கெபெக் நகரை அடைந்தார்கள். அங்கே மருத்துவமனையும் பள்ளியும் நிறுவினார்கள். மரி அன்னை 1672-இல் அம்மண்ணிலேயே இறைவனடி சேர்ந்தார். பிற்காலத்தில், அதே கனடாவின் இளைஞர்கள் ஏறத்தாழ 5,000 பேர், 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் விடியலில், போர்வீரர்களாக இக்கரையில் வந்திறங்கினர். அன்று மாண்டவர் 900-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பலரின் கல்லறைகள் ஊருக்கு வெளியே இருக்கின்றன.

இவற்றையெல்லாம் எண்ணிப் பாருங்கள், அன்பர்களே. மனைவி மக்களோடு நலமாய்ச் சென்று, நலமாய்த் திரும்பி, கடலருகே ஒரு மேசையைச் சுற்றி அமர்வது எத்துணைப் பெரிய கொடை! அக்கொடையை வாகன வரிசையில் அவசரமாய் விழுங்கிவிடலாமா? திருப்பயணத்தின் நன்றி வழிபாடு திருத்தலத்தோடு முடிந்துவிடுவதில்லை. உயிர்த்த ஆண்டவர், இரவெல்லாம் வலைவீசிக் களைத்த தம் சீடர்களுக்குத் திபேரியக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து காத்திருந்தார் என்று யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரம் கூறுகிறது. உபதேசம் தொடங்குமுன் அவர்களை உண்ண அழைத்தார். பசித்தவனுக்கு முதலில் உணவு, பின்னரே அறிவுரை என்னும் தாயுள்ளம் அது.

எனவே திரும்பும் நாளுக்கென்று சிறு தொகையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வையுங்கள். கப்பல் புறப்படும் நேரத்தை மட்டுமன்று, நிலையத்தின் வாயில் அடைக்கப்படும் நேரத்தையும் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். துறைமுகத்திலுள்ள பாலங்கள் கலங்களுக்கு வழிவிடத் திறப்பவை. கடவுச்சீட்டுச் சோதனைக்கும் நேரம் பிடிக்கும். இரண்டுக்கும் சேர்த்து நேரம் விட்டுக் கிளம்புங்கள். மேசையில் அமர்ந்ததும், அயலார் பார்க்கிறார்களே என்று கூசாமல் சிலுவை அடையாளம் வரைந்து உணவுச் செபம் சொல்லுங்கள். உண்ணும்போது, இப்பயணத்தில் தன் மனத்தைத் தொட்டது எது என்று ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு சொல் சொல்ல வையுங்கள். பரிமாறியவருக்குப் பிரெஞ்சு மொழியில் ‘மெர்சி’ என்று நன்றி கூறி எழுந்திருங்கள்.

வயிறும் மனமும் நிறைந்து கப்பலேறும் குடும்பம், குன்றின் மேலுள்ள அன்னையின் ஆலயம் கண்ணை விட்டு மறையும் வரை தளத்தில் நின்று, கடலில் உழைப்போருக்காக ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லட்டும். உண்ட உணவுக்கு அதுவே உற்ற நன்றியாகும்.