இரண்டு கதவுக் காருக்கு மூன்று பெடல்!

அமெரிக்காவில் ஒரு திருடன் காரைக் கடத்த வருகிறான். டிரைவர் சீட்டில் ஏறி உட்காருகிறான். குனிந்து பார்க்கிறான். இரண்டு பெடல் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று பெடல் இருக்கிறது! எப்படி ஓட்டுவது என்று தெரியவில்லை. காரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிடுகிறான்.

இது கட்டுக்கதை அல்ல. இப்படிப்பட்ட செய்திகள் அமெரிக்கப் பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கின்றன.

அந்த மூன்றாவது பெடல்தான் கிளச். 1940-ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் "ஹைட்ராமாட்டிக்" என்ற ஆட்டோமாட்டிக் கியர் வந்தது. அன்று முதல் அமெரிக்கர்களின் இடது காலுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. இன்று அங்கே விற்கும் புதுக் கார்களில் கிளச் உள்ளவை நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான்.

ஆனால், பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்கும் இடத்துக்குப் போனால் கணக்கு தலைகீழ். அங்கே பல மாடல்களில் கிளச் உள்ள காருக்குத்தான் விலை அதிகம். வாங்க வருகிறவர்களும் அதைத்தான் தேடுகிறார்கள். இது வெறும் மோகம் என்று சிலர் கேலி செய்கிறார்கள். மோகமும் உண்டு. ஆனால் அதற்குள்ளே நல்ல கணக்கும் இருக்கிறது.

வெட்டிய வண்டி

இரண்டே கதவு, மேலே நிலையான கூரை, பின்பக்கம் சரிந்த முதுகு. இப்படிப்பட்ட காருக்குக் "கூபே" என்று பெயர். பிரெஞ்சு மொழியில் "வெட்டப்பட்டது" என்று பொருள். பழைய குதிரை வண்டியின் ஒரு பகுதியை வெட்டிக் குறுக்கியதால் வந்த பெயர் அது.

பின்சீட் இருந்தாலும் பேருக்குத்தான் இருக்கும். குழந்தைகள் உட்காரலாம். பெரியவர்கள் உட்கார்ந்தால் கூரை தலையில் இடிக்கும். ஆக, இது தேவைக்காக வாங்கும் கார் அல்ல. ஆசைக்காக வாங்கும் கார். புதிதாக வாங்கப் பணக்காரர்களால்தான் முடியும். பத்து, இருபது ஆண்டு ஓடிய பிறகு விலை இறங்கும். அப்போது சம்பளக்காரர்கள் வருகிறார்கள். இரண்டு மூன்று வருடச் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். தவறான காரை வாங்கினால், அந்தச் சேமிப்போடு அடுத்த இரண்டு வருடச் சம்பளமும் பட்டறைக்குப் போய்விடும்.

ஒரே கார், இரண்டு கியர்

ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 2000 முதல் 2006 வரை செய்த "எம்-3" காரை எடுத்துக்கொள்ளலாம். 6 சிலிண்டர் என்ஜின். ஐரோப்பாவில் விற்ற காருக்கு 343 குதிரை சக்தி. நின்ற இடத்திலிருந்து சுமார் 5 விநாடியில் 100 கிலோ மீட்டர் வேகம்! மணிக்கு 250 கிலோ மீட்டருக்கு மேல் போகாதபடி கம்பெனியே கட்டுப்படுத்தி வைத்தது.

இந்தக் கார் இரண்டு விதமாக வந்தது. ஒன்றில் கிளச் பெடலும் கியர் கம்பியும் உண்டு. மற்றொன்றுக்கு "எஸ்.எம்.ஜி." என்று பெயர். அதில் கிளச் பெடல் கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு சிறு தகடுகள் இருக்கும். வலது தகட்டை இழுத்தால் கியர் ஏறும். இடது தகட்டை இழுத்தால் இறங்கும். பந்தயக் காரில் இருப்பது போல!

மிக வேகமாக மாறும்படி வைத்தால், விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, கியர் மாறிவிடும். மனிதக் கையால் முடியாத வேகம். இதற்காகக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கினார்கள்.

இப்போது? அந்தக் கூடுதல் பணம் கொடுத்த கார்தான் மலிவாகப் போகிறது!

காரணம் இருக்கிறது. எஸ்.எம்.ஜி. என்பது உண்மையான ஆட்டோமாட்டிக் அல்ல. உள்ளே இருப்பது அதே 6 கியர் பெட்டிதான். கிளச் தட்டும் உண்டு, அதுவும் தேயும். காலும் கையும் செய்யவேண்டிய வேலையை எண்ணெய் அழுத்தத்தால் செய்ய ஒரு பம்ப், வால்வுகள், மின்கருவிகள் ஆகியவற்றைச் சேர்த்தார்கள். புதிதாக இருந்தபோது எல்லாம் சரி. வயதானதும் பம்ப் படுத்துவிடுகிறது. பம்ப் படுத்தால் கியர் விழாது. கியர் விழாவிட்டால் கார் நகராது. சாதாரண மெக்கானிக்குக்கு அது புரியாது. புது பம்பின் விலையைக் கேட்டாலே மயக்கம் வரும். நெரிசலான தெருவில் மெதுவாகப் போனால் கழுத்து முன்னும் பின்னும் ஆடும் என்பது தனி.

பலர் இந்தக் கருவிகளையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, கிளச் பெடல் வைத்து ஓட்டுகிறார்கள். பணம் கொடுத்து வாங்கிய அதிசயத்தை, மறுபடியும் பணம் கொடுத்துக் கழற்றுகிறார்கள்!

கிளச் மட்டும் தேயாதா?

தேயும். நன்றாகவே தேயும். ஆனால் அது தேய்வதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். 4-வது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை முழுதும் மிதிக்கவேண்டும். என்ஜின் மட்டும் அலறி, கார் வேகம் பிடிக்காவிட்டால் கிளச் முடிந்தது என்று அர்த்தம். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம். நல்ல மெக்கானிக் யாராக இருந்தாலும் மாற்றிவிடுவார்.

மூன்று பெடல் காருக்கும் ஒரு வியாதி உண்டு. முன்பு ஓட்டியவர் அவசரக்காரராக இருந்திருந்தால், 3-வதிலிருந்து 4-வதுக்குப் போகவேண்டிய கை 2-வதில் போட்டிருக்கும். என்ஜின் தாங்கமுடியாத சுற்றுச் சுற்றி உள்ளே அடிபட்டிருக்கும். எஸ்.எம்.ஜி. இப்படிப்பட்ட தவறுக்கு இடம் கொடுக்காது. அந்த நியாயத்தை அதற்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால், அந்த ஒரு நன்மைக்காக வயதான பம்பை வீட்டுக்கு அழைத்து வருவது புத்திசாலித்தனம் ஆகாது.

முழங்கால் வலிக்காரர்

எல்லோரும் கிளச்தான் மிதிக்கவேண்டும் என்பது இல்லை. முழங்கால் வலி உள்ளவர் என்ன செய்வார்? தினமும் ஒரு மணி நேரம் நெரிசலில் நிற்பவர் என்ன செய்வார்? கணவனுக்கு மட்டும் கிளச் தெரிந்து மனைவிக்குத் தெரியாவிட்டால், அவசரத்துக்குக் கார் வாசலிலேயே நிற்கும்.

அவர்களுக்குச் சாதாரண ஆட்டோமாட்டிக் நல்லது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழலவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுழலும். இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். அவ்வளவுதான். பல ஆண்டு அனுபவம் உள்ள முறை. 2012-ல் வந்த டொயோட்டா 86 கூபே, கிளச்சோடும் கிடைக்கும்; இந்த ஆட்டோமாட்டிக்கோடும் கிடைக்கும். வேகம் கொஞ்சம் குறைவு. கௌரவம் குறையாது.

எண்ணெய் மாற்றினார்களா என்று மட்டும் கேட்கவேண்டும். "ஆயுள் முழுதும் மாற்றவே வேண்டாம்" என்று சில விற்பனைக்காரர்கள் சொல்வார்கள். நம்பக்கூடாது. ஆட்டோமாட்டிக் கியர் பெட்டி செய்யும் ஜெர்மானிய இசட்.எப். கம்பெனியே 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோ மீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

இரட்டைக் கிளச் என்று ஒரு வகை உண்டு. 2008-ல் போர்ஷ் 911 காரில் வந்தது. அருமையாக வேலை செய்யும். கெட்டால் செலவும் அருமையாக இருக்கும்!

கம்பெனிகளும் கிளச் பிரியர்களுக்குப் பணிந்திருக்கின்றன. டொயோட்டா சுப்ரா 2019-ல் ஆட்டோமாட்டிக்காக மட்டும் வந்தது. வாடிக்கையாளர்கள் விடவில்லை. 2022-ல் கிளச் பெடல் வந்தது.

விடியற்காலைச் சோதனை

கியரைப் பார்த்து மயங்கி மற்றதை மறந்துவிடக் கூடாது. முன்சொன்ன எம்-3 காரில், பின்சக்கரச் சட்டம் மாட்டியிருக்கும் அடித்தகடு விரிசல் விடுவது பலருக்கும் தெரிந்த குறை. காரைத் தூக்கி, கீழே விளக்குப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்க்க விடாதவரிடம் கார் வாங்கக்கூடாது.

பார்க்கப் போகும் நேரமும் முக்கியம். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது 2-வது கியர் கரகரவென்று கத்தினால் உள்ளே பல் பொருத்தும் வளையம் தேய்ந்திருக்கும். சூடானதும் அந்தச் சத்தம் அடங்கிவிடலாம். ஆகையால் போனவுடன் என்ஜின் மூடியைத் தொட்டுப் பார்க்கவேண்டும். விற்கிறவர் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் போகவேண்டும்.